சீற்றமும் உண்ணாமையும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம்மவர் பழமொழி. படை நடுங்குவதை நாம் நன்கறிவோம். அந்தப் படையைக் கண்டு பாம்பும் நடுங்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த எவரும் பாம்புக் கதை கேளாமல் வளர்ந்திருக்க முடியாது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குச் சென்றவர்கள், சருகில் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் பாம்பை நினைத்தே வைத்தார்கள். லயத்துக் கோழிக்கூண்டில் புகுந்த மலைப்பாம்பைப் பற்றி மாரியம்மன் கோயில் திடலில் பேசிப் பேசியே அதன் நீளம் பத்தடியிலிருந்து இருபதடி ஆகிவிடும். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தபோது கதைகள் குறையவில்லை, பெருகின. உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்ன எலிகள் வந்தன. எலிகளைத் தேடிப் பாம்புகள் வந்தன. வெட்டி அடுக்கிய மட்டைகளின் அடியில் அவை குடியேறின.

இக்கதைகள் அனைத்திலும் வினைச்சொற்கள் மட்டும் மாறுவதே இல்லை. பாம்பு சீறியது, படமெடுத்தது, துரத்தியது, கொத்த வந்தது என்பனவே அவை. பாம்பின் தரப்பில் சாட்சி சொல்ல எவரும் இல்லாத வழக்குகள் இவை. தீர்ப்பு என்றும் ஒன்றுதான். மண்வெட்டியின் ஒரே வீச்சில் அது நிறைவேறிவிடும்.

அந்தச் சாட்சியைச் சொல்லக்கூடிய ஒருவரை நான் அறிவேன். என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் அவர். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியின் மகன். இன்று உரிமம் பெற்று மலைப்பாம்புகளை வளர்த்து இனப்பெருக்கம் செய்விக்கிறார். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். ஆகவே பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் தாள்களையெல்லாம் அவர் ஒரு கோப்பில் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார். நஞ்சுள்ள பாம்பு ஒன்றுகூட அவரிடம் இல்லை. நாகத்தை வீட்டில் வைப்பது வீரமாகாது, வீட்டார்மீது அன்பின்மை என்பது அவர் கருத்து.

அவர் வளர்ப்பவற்றுள் முதன்மையானது, மலாய்க்காரர்கள் 'சாவா ரெண்டாம்' என்றழைக்கும் குட்டைவால் மலைப்பாம்பு. 'ரெண்டாம்' என்றால் நீரில் ஊறுதல். சதுப்பிலும் ஓடைக்கரையிலும் ஊறிக் கிடப்பதால் வந்த பெயர். செங்கல் நிறமும் குருதிச் சிவப்பும் கலந்த மேனியைக் கண்டு ஆங்கிலேயர் இதற்கு 'இரத்த மலைப்பாம்பு' என்று பெயரிட்டனர். தீபகற்ப மலேசியாவும் கிழக்குச் சுமத்திராவும் இதன் தாயகம். ஆறடிக்கு மேல் வளர்வது அரிது. ஆயினும் பருமனில் மனிதத் தொடையை ஒக்கும். செம்பனைத் தோட்டம் இதற்கு ஒத்துப்போன இடம். 1990களில் சுமத்திராவில் ரிச்சர்ட் ஷைன் முதலிய ஆய்வாளர்கள், தோலுக்காகப் பிடிக்கப்பட்ட இப்பாம்புகளை ஆராய்ந்தபோது, அவை செம்பனைக் காடுகளில் எலி தின்று செழித்திருப்பதைக் கண்டனர். தோட்டத்துக்கு ஊதியமின்றி எலி பிடித்துக் கொடுக்கும் உழைப்பாளி இது.

எனினும் பாம்பு வளர்ப்போரிடையே இதற்கு நல்ல பெயர் இல்லை. முரடு, முன்கோபி, கையை நீட்டினால் கடிக்கும் என்பர். காட்டிலிருந்து பிடித்து வந்த பெரிய பாம்புகளைப் பொறுத்தவரை அச்சொல்லில் உண்மையும் உண்டு. அத்தகைய ஒரு பெண் பாம்புதான் மாணவரின் கைக்கு வந்து சேர்ந்தது. முன்பு வைத்திருந்தவருக்கு அதைக் கண்டாலே எரிச்சல். மூன்று மாதங்களாக அது எதையும் உண்ணவில்லை. பெட்டியைத் திறந்தால் காற்றை ஊதிச் சீறியது. வாலைத் துடிக்க வைத்தது. கண்ணாடியில் மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொண்டது. "செம்பனைக் காட்டோரம் விட்டுவிட்டால் தொல்லை தீரும்" என்று அவருக்கு அறிவுரை கூறியவர்களும் இருந்தனராம்.

நான் அதைப் பார்க்கச் சென்ற நாளில், "இவ்வளவு கோபக்காரப் பாம்பை ஏன் தம்பி வாங்கினாய்?" என்று கேட்டேன்.

"அது கோபப்படவில்லை சார். ஓட இடமில்லை, அவ்வளவுதான்" என்றார் அவர்.

பிறகு அவர் விளக்கினார். பாம்புக்கு நம்மைப் போல் புறச்செவி கிடையாது. தரையின் அதிர்வை உடலால் உணர்கிறது. பிளவுண்ட நாவால் காற்றிலுள்ள மணத்துகளை எடுத்து, மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பில் வைத்து அறிகிறது. மலைப்பாம்பின் உதட்டுக் குழிகளோ, வெப்பமுள்ள உயிர் அருகில் வருவதை இருளிலும் உணர்த்திவிடும். இத்தகைய உயிரை நாற்புறமும் ஒளி புகும் கண்ணாடிப் பெட்டியில், வானொலி அலறும் கூடத்தில், ஆட்கள் நடமாடும் வழியில் வைத்தால் என்னவாகும்? ஒவ்வொரு காலடியும் பகைவனின் வருகையாகத் தோன்றும். காட்டில் அது சருகுக்குள் நழுவிப் போயிருக்கும். பெட்டிக்குள் நழுவ வழியில்லை. எனவே எஞ்சியிருக்கும் ஒரே வழியைக் கையாள்கிறது. அதைத்தான் நாம் முரட்டுக் குணம் என்கிறோம்.

கடியிலும் இருவகை உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். அச்சத்தில் கடிக்கும் பாம்பு உடனே விட்டுவிடும். விலகிப் போ என்பதே அதன் பொருள். இரையென்று மயங்கிக் கடிக்கும் பாம்பு விடாது, சுற்றிக்கொள்ளும். எலியைத் தொட்ட கையோடு பெட்டிக்குள் கைவிட்டவர் பெறுவது இரண்டாவது கடி. அதற்குச் சினத்தோடு எவ்வித உறவும் இல்லை. அது வெறும் பசியின் பிழை. மாணவர் எப்போதும் கை கழுவிய பின்னரே பெட்டியைத் திறப்பார். திறந்தவுடன், வளைந்த கோலால் அதன் உடலின் நடுவே மெல்லத் தொடுவார். இது உணவு நேரமன்று என்று பாம்புக்கு அறிவிக்கும் முறை அது. சில வாரங்களில் பாம்பு அதைக் கற்றுக்கொள்கிறது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே செல்வது மனிதர்க்கு மட்டும் உரிய நாகரிகம் அன்று போலும்.

இனி உண்ணாமைக்கு வருவோம். மாணவர் முதலில் பாம்பை மாற்ற முயலவில்லை. பாம்பின் இருப்பிடத்தை மாற்றினார். கண்ணாடிப் பெட்டிக்குப் பதிலாக ஒளி புகாத தாழ்வான பெட்டி. உடலைச் சுருட்டி நுழைத்தால் எல்லாப் பக்கமும் முட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய மறைவிடம். ஈரத்தைப் பிடித்து வைக்கும் தேங்காய் நார்த்தூள். படுத்து ஊற அகன்ற நீர்த்தட்டு. முன்பு வைத்திருந்தவர் பாம்புக்குச் சூடு வேண்டுமென்று விளக்கைப் போட்டு வாட்டியிருந்தார். சதுப்பு நிழலில் வாழும் இவ்வினத்துக்கு 27 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பமே போதும். அதற்கு மேல் போனால் அது அமைதி இழக்கும், உணவையும் வெறுக்கும். விளக்கு அகற்றப்பட்டது. அடுத்த இரு வாரங்கள், தண்ணீர் மாற்றுவதற்கன்றி எவரும் பெட்டியைத் தொடவில்லை.

மூன்றாம் வாரம், கொன்று வெதுவெதுப்பாக்கிய எலி ஒன்றை இரவில் வைத்தார். உயிருள்ள எலியை அவர் வைப்பதில்லை; பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடுவது உண்டு. காலையில் எலி வைத்தபடியே கிடந்தது. நான்காம் வாரமும் அவ்வாறே. இடையில் அவர் செய்ததெல்லாம் பெட்டியோடு சேர்த்துப் பாம்பை நிறுத்துப் பார்த்து, ஒரு குறிப்பேட்டில் எடையை எழுதியதுதான். பாம்பைக் கையில் எடுத்து நிறுத்தால் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும் அன்றோ? எடை பெரிதாகக் குறையவில்லை. ஆகவே அவர் காத்திருந்தார். ஐந்தாம் வாரத்து விடியலில் எலியைக் காணவில்லை. அன்றும் அதற்கடுத்த நாளும் அவர் பாம்பைத் தொடவேயில்லை. உண்ட இரண்டு நாளுக்குள் பாம்பைக் கையாண்டால் அது இரையைக் கக்கிவிடும். கக்கிய பாம்பு பசித்த பாம்பைவிட நலிவுற்றது.

அந்தக் குறிப்பேட்டை நான் புரட்டிப் பார்த்தேன். நாள், எடை, வெப்பம், கொடுத்தது, உண்டது, தோலுரித்தது என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். பாம்பு உண்ணாதிருப்பதற்கு அதில் எத்தனையோ காரணங்கள் இருந்தன. தோலுரிக்குமுன் கண்கள் பால்படர்ந்தாற்போல் வெளுக்கும். அப்போது அது உண்ணாது. இணைதேடும் பருவத்தில் ஆண் உண்ணாது. சூலுற்ற பெண் உண்ணாது. வாயில் புண்ணிருந்தாலும் செதிலிடையே உண்ணி பற்றினாலும் குடலில் புழு இருந்தாலும் உண்ணாது. அப்போது செல்லவேண்டிய இடம் விலங்கு மருத்துவரின் அறை. குளிர்குருதி உயிரான பாம்பு தன் உடலைச் சூடாக்க உணவைச் செலவிடுவதில்லை. ஆதலால் வளர்ந்த மலைப்பாம்பு மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கவல்லது. பதைப்பது வளர்ப்பவரின் மனம்தான். பதைப்பில் வாயைப் பிளந்து இரையைத் திணிப்போர் உண்டு. அது கடைசி வழி. அதனையும் கற்றவர் கைதான் செய்யவேண்டும்.

நாகத்துக்குப் பாலும் முட்டையும் படைக்கும் நம் வழக்கத்தைப் பற்றியும் கேட்டேன். ஊன் உண்ணும் உயிரான பாம்புக்குப் பாலைச் செரிக்கும் அமைப்பு இல்லை. நாட்கணக்கில் நீரின்றித் தவித்த பாம்பு பாலையும் அருந்தக்கூடும். அது பக்திக்கு இணங்கிய செயலன்று, தாகத்தின் செயல். புற்றை வணங்குவோர் வணங்கட்டும். வணக்கத்துக்குரியதன் உண்மையான பசியை அறிந்துகொள்வதும் வணக்கத்தின் ஒரு பகுதியே என்பேன்.

மறு ஆண்டு அந்தப் பெண் பாம்பு சூலுற்றது. மீண்டும் உணவை மறுத்தது. குறிப்பேடு காரணத்தைச் சொன்னதால் இம்முறை எவரும் அஞ்சவில்லை. பதின்மூன்று முட்டைகளை இட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு தலையை மேலே வைத்துக் காத்தது.

இந்தக் காவலைப் பற்றி அறிவியல் உலகில் ஒரு நெடிய வழக்கு நடந்திருக்கிறது. மலைப்பாம்பு தன் முட்டைகளுக்கு வெப்பமூட்டுகிறது என்று லமார்-பிக்கோ என்னும் பிரெஞ்சுப் பயணி 1832இல் பாரிஸில் கூறியபோது, குளிர்குருதி உயிருக்கு ஏது வெப்பம் என்று அறிஞர்கள் ஏற்க மறுத்தனர். 1841இல் வலான்சியேன் என்ற விலங்கியலார், பாரிஸில் முட்டைகாத்த மலைப்பாம்பு ஒன்றின் சுருளுக்குள் வெப்பமானியை வைத்து அளந்து, சுருளின் வெப்பம் சுற்றுப்புறத்தைவிட மிகுதியென்று காட்டினார். அது எவ்வாறு நிகழ்கிறது என்பது 1966இல், நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையின் மலைப்பாம்பு ஒன்றில் நடந்த ஆய்வால் தெளிவாயிற்று. குளிர் கூடக்கூட அது தன் தசைகளை மீண்டும் மீண்டும் சுருக்கிச் சுருக்கி வெப்பத்தை உண்டாக்கியது. மலைப்பாம்பினங்கள் அனைத்துக்கும் இத்திறன் உண்டென்று கூறுவதற்கில்லை. ஆயினும் உணவை மறந்து முட்டையைச் சூழ்ந்திருப்பது அவற்றின் பொதுப் பண்பு. படை நடுங்கப் பாம்பைக் கண்ட நாம், தன் முட்டைக்காக நடுங்கும் பாம்பைக் காணத் தவறிவிட்டோம்.

மாணவர் முட்டைகளை, அவை இருந்த நிலையிலிருந்து புரளாதபடி எடுத்து, ஈரமும் 30 பாகை வெப்பமும் கொண்ட பெட்டியில் வைத்தார். புரண்டால் உள்ளிருக்கும் கரு அழிந்துபோகும். முட்டைகளை எடுத்த பின்னும் தாய்ப்பாம்பு உண்ணவில்லை. வெறும் இடத்தையே சுற்றிக்கொண்டு கிடந்தது. பெட்டியில் முட்டையின் மணம் எஞ்சியிருந்ததே காரணம். பெட்டியைக் கழுவி, நார்த்தூளை மாற்றி, தாயையும் வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட்டபின் அது இரை எடுத்தது. இதைக் கேட்டபோது என்னால் சிறிது நேரம் பேச இயலவில்லை.

ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பதினொரு குட்டிகள் ஓடுடைத்து வந்தன. குட்டிகள் உடனே உண்பதில்லை. வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கருவே சில நாளுக்குப் போதும்; முதல் தோலை உரித்த பின்னரே பசி பிறக்கும். ஒன்பது குட்டிகள் எளிதில் உண்டன. பத்தாவது குட்டிக்குப் பெட்டி பெரிதாக இருந்தது. கசக்கிய தாளிட்ட சின்னஞ்சிறு பெட்டிக்கு மாற்றி, எலிக்குஞ்சின்மேல் கோழிக்குஞ்சின் இறகைத் தேய்த்து மணமேற்றிக் கொடுத்தபோது ஏற்றுக்கொண்டது. பதினோராவது குட்டி எதற்கும் இணங்கவில்லை. மருத்துவரும் முயன்றார். ஒரு நாள் காலையில் அது இறந்து கிடந்தது. குறிப்பேட்டில் அதன் பக்கத்தில் கடைசி எடையை எழுதி, கீழே ஒரு கோடு கிழித்திருந்தார். பொறுமை எல்லாப் பூட்டையும் திறந்துவிடும் என்று நான் எழுதினால் அந்தக் கோடு என்னை மறுக்கும்.

உயிர் வளர்ப்பில் பொறுமை இழந்தவர் செய்யும் செயலுக்கு ஒரு நாடே விலை கொடுத்ததும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகளைச் சிறு குட்டிகளாக வாங்கியவர்கள், அவை பெருத்தபின் அஞ்சியும் அலுத்தும் சதுப்புக் காடுகளில் விட்டனர். வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவையும் அவற்றோடு சேர்ந்தன. எவர்கிளேட்ஸ் சதுப்பில் அவை பெருகி, அந்நிலத்துக்குரிய சிறு விலங்குகளைத் தின்று தீர்த்தன. 2012இல் அமெரிக்க அரசு அவ்வினத்தை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. தேடிப் பிடிக்கவோ உள்ளூரில் போதிய திறனாளர் இல்லை. 2017இல் தமிழ்நாட்டிலிருந்து இருளர் இனத்தவரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே வரவழைக்கப்பட்டனர். புல்லின் சாய்விலும் மண்ணின் தடத்திலும் பாம்பின் வழியைப் படித்தறியும் அவர்களது கல்வி, கருவிகள் தோற்ற இடத்தில் வென்றது. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

அவர்கள் சார்ந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தோன்றியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத் தோல் வணிகம் முடிவுற்றபோது பிழைப்பிழந்த மக்களுக்கு, ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் துணையுடன் அமைந்த வாழ்வழி அது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை மண்பானைகளில் வைத்து, சில வாரங்களில் சில முறை நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து உருவாகிறது. பாம்பை அவர்கள் உடைமையாகக் கொள்வதில்லை. காட்டிடம் இரவல் பெற்றுத் திருப்பித் தருகின்றனர். இருண்ட, குளிர்ந்த, குறுகிய மண்பானை, என் மாணவர் தேடிக் கண்டடைந்த மறைவிடத்தின் மூதாதை என்பதையும் இங்கே கருதவேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதுவது, எல்லாரும் பாம்பு வளர்க்கவேண்டும் என்பதற்காக அன்று. பெரும்பாலோர் வளர்க்காதிருப்பதே பாம்புக்கும் அவர்க்கும் நலம். காட்டுப் பாம்பைப் பிடித்துப் பெட்டியிலிடுவோர் பலர், பட்டினியைத்தான் வளர்க்கின்றனர். பிற பாம்புகளையே இரையாகக் கொள்ளும் ராஜநாகம், அதாவது மலாயில் 'தெடுங் செலார்', இதற்குத் தக்க சான்று. தேர்ந்த விலங்குக் காட்சிச்சாலைகளே அதனை எலி உண்ணப் பழக்குவதற்குப் பாம்பின் மணத்தைப் பூசிப் பாடுபடவேண்டியிருக்கிறது. வீட்டில் வைத்தவரால் அதற்கு என்ன கொடுக்க முடியும்?

ஆசிரியப் பணியில் இருந்தவன் என்பதால் மற்றொன்றும் தோன்றுகிறது. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் சீறும் பிள்ளையை நாம் அறிவோம். எத்தனை ஊட்டினாலும் உள்வாங்காத பிள்ளையையும் அறிவோம். முரடு என்றும் மந்தம் என்றும் பெயர் சூட்டுவது எளிது. விளக்கு மிகையாகச் சுடுகிறதா, ஒளிந்துகொள்ள ஒரு மூலை இருக்கிறதா, வீட்டில் என்ன மணம் எஞ்சியிருக்கிறது என்று கேட்பது கடினம். மனிதக் குழந்தையைப் பாம்போடு ஒப்பிடுவதாக எவரும் கொள்ள வேண்டா. அஞ்சும் உயிர் எதுவும் அச்சத்தோடு உண்ணாது என்ற ஒன்றே இரண்டுக்கும் பொது.

தோட்டங்களில் இன்றும் மட்டை அடுக்குகளின் கீழ்ப் பாம்புகள் இருக்கின்றன. எலிகள் இருக்கும்வரை அவையும் இருக்கும். எதிர்ப்பட்டால் நின்று, பின்னே நகர்ந்து, அதற்கு வழிவிட்டால் அது போய்விடும். வீட்டுக்குள் வந்துவிட்டால், 999 என்ற எண்ணில் அழைக்கக் குடிமைத் தற்காப்புப் படையினர் இருக்கின்றனர். நஞ்சுண்டோ இல்லையோ, கடிபட்டவரை மந்திரத்துக்கு அழைத்துச் செல்லாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். இவ்வளவும் செய்தபின்னரும் நம்முள் ஓர் அச்சம் எஞ்சும், எஞ்சட்டும். நம் அச்சத்தை நாம் ஒப்புக்கொள்வது போலவே பாம்பின் அச்சத்தையும் ஒப்புக்கொண்டால், மண்வெட்டிகள் மண்ணை மட்டுமே வெட்டும்.